கெப்பில் போர்வீல்: எப்போது போடுவது, எப்போது எடுப்பது

காலி வீதி, பேஸ்லைன், அதிவேக வீதி என்று கார்பெட் வீதியிலேயே ஓடித்திரியும் டபள் கெப்புக்குப் போர்வீல், அதாவது நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கும் வசதி, தேவையே இல்லை. அதனால் கொழும்பில் பலர் அதைப் போடும் பட்டனை வருடக்கணக்கில் தொடுவதில்லை. தேவைப்படுவது பாடசாலை விடுமுறைக்குக் கற்பிட்டி, வில்பத்து என்று கிளம்பும்போது. அல்லது வேலை நிமித்தம் மழைக்காலத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து மண்பாதையில் ஏறும்போது. அங்கே போய், பின்சில்லு அச்சு வரை புதைந்த பிறகு பட்டனைத் தேடினால் பாதி ஆட்டம் அப்போதே தோற்றுவிட்டது. போர்வீலைப் புதையும் முன்னே போட வேண்டும். கெட்டித் தரைக்கு வந்தவுடன் எடுக்க வேண்டும். மற்ற விதிகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகின்றன.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

உயரமாக நிற்கும் கெப் எல்லாம் போர்வீல் அல்ல. ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்றவற்றில் போர்வீல் வாகனத்தைப் போலவே தோற்றமளிக்கும், ஆனால் பின்சில்லு மட்டும் இழுக்கும் மொடல்களும் உண்டு. பின்கதவில் உள்ள ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், யாரும் ஒட்டலாம். குனிந்து முன்சில்லுகளுக்கு நடுவே பாருங்கள். உருண்டையான ஒரு இரும்புக் கூடும், அதிலிருந்து இரு சில்லுக்கும் போகும் ஷாப்டுகளும் (சுழலும் தண்டுகள்) தெரிந்தால் அது போர்வீல். தெரியாவிட்டால் இனிப் படிப்பது பொதுஅறிவுக்கு மட்டும்.

ஹைலக்ஸ், டி-மேக்ஸ், நவாரா, ரேஞ்சர் ஆகியவற்றில் பொதுவாக வருவது 'பார்ட் டைம்' வகை, அதாவது தேவைப்படும்போது மட்டும் போடுவது. டயலிலோ லீவரிலோ மூன்று நிலைகள்: 2எச் (பின்சில்லு மட்டும்), 4எச் (நான்கு சில்லும், சாதாரண வேகத்துக்கு), 4எல் (நான்கு சில்லும், மெதுவாக, பலமாக). டொயோட்டாவில் எழுத்து முன்னும் எண் பின்னுமாக எச்2, எச்4, எல்4 என்று இருக்கும், பொருள் ஒன்றுதான். மிட்சுபிஷி எல்200இன் உயர் மொடல்களில் உள்ள 'சுப்பர் செலக்ட்' வேறு சாதி. அதன் நடுவில், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் ஒரு டிபரன்ஷியல் (கியர்த் தொகுதி) இருப்பதால் 4எச்சில் கார்பெட் வீதியிலும் ஓடலாம். ஆனால் 4எச்எல்சி, 4எல்எல்சி என்று 'எல்சி' சேர்ந்த நிலைகளில் அந்த நடு டிபரன்ஷியல் பூட்டப்பட்டுவிடும். அப்போது அதுவும் மற்றக் கெப்களைப் போலத்தான். எல்200இலேயே 'ஈஸி செலக்ட்' என்று வருவது சாதாரண பார்ட் டைம் வகை. சில புதிய ரேஞ்சர்களில் 4ஏ என்று ஒரு தானியங்கி நிலை உண்டு. அதையும் தார் வீதியில் போடலாம். இனிச் சொல்லப்போவது பார்ட் டைம் கெப்பைப் பற்றி.

தார் வீதியில் ஏன் கூடாது

வாகனம் திரும்பும்போது முன்சில்லுகள் பெரிய வட்டத்திலும் பின்சில்லுகள் சிறிய வட்டத்திலும் ஓடுகின்றன. டபள் கெப்பின் நீளத்துக்கு, ஸ்டியரிங்கை முழுதாக வெட்டி ஒரு சுற்றுச் சுற்றினால் முன்பக்கம் பின்பக்கத்தை விட 5 மீற்றருக்கும் மேல் கூடுதலாக ஓடியிருக்கும். 2எச்சில் இது பிரச்சினையே இல்லை. முன்சில்லு தன் பாட்டில் சுற்றும். 4எச் போட்டதும், எஞ்சின் பலத்தை முன்னும் பின்னும் பகிரும் ட்ரான்ஸ்பர் கேஸ் முன் ஷாப்டையும் பின் ஷாப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். அந்த 5 மீற்றர் எங்கே போகும்? மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார் வீதியில் டயர் வழுக்காது. முறுக்கு முழுவதும் ஷாப்டிலும் கியர் பற்களிலும் ஏறி நிற்கும்.

வாகனத் தரிப்பிடத்தில் 4எச் போட்டபடி திருப்பிப் பார்த்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும். யாரோ பிரேக்கைப் பிடித்து வைத்ததுபோல் வாகனம் இழுபடும், ஸ்டியரிங் கனக்கும், டயர் 'கிறீச்' என்று விட்டுவிட்டுத் தேயும். அதோடு விடாமல் ஓட்டினால் முதலில் டயர் தேயும். பிறகு ஷாப்டின் மூட்டுகளோ ட்ரான்ஸ்பர் கேஸின் செயினோ போகும். முறுக்கு ஏறிய நிலையில் 2எச்சுக்கு மாற்றினாலும் லீவர் அசையாது, அல்லது மீட்டரில் போர்வீல் லைட் அணையாமல் மின்னிக்கொண்டே இருக்கும். முறுக்கு பற்களை இறுக்கிப் பிடித்திருப்பதுதான் காரணம். லீவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சில மீற்றர் பின்னால் எடுங்கள், முறுக்கு அவிழ்ந்துவிடும். ஒரு பக்கச் சில்லுகளைப் புல்லிலோ கிறவலிலோ இறக்கி ஓட்டினாலும் அவிழும்.

மழை பெய்தால் போர்வீல் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கடுகண்ணாவை ஏற்றத்தில் மழை கொட்டினாலும் அது தார் வீதிதான். 2எச் போதும், வேகத்தைக் குறையுங்கள். போர்வீல் பிரேக்கைக் கூர்மையாக்காது. எல்லா வாகனமும் நான்கு சில்லிலும்தான் பிரேக் பிடிக்கிறது. போர்வீல் உதவுவது நகர்வதற்கு, நிற்பதற்கு அல்ல. வளைவில் தார் முழுதும் ஒரு விரல் கனத்துக்கு மண் சரிந்து கிடக்கிறது என்றால் அது வேறு கதை. அந்தத் துண்டுக்கு மட்டும் 4எச் போட்டு, தாண்டியதும் எடுத்துவிடுங்கள்.

4எச் போடுவது

ஓடிக்கொண்டே போடலாம். எத்தனை கி.மீ. வேகம் வரை என்பது மொடலுக்கு மொடல் மாறும்; கையேடு 80, 100 என்று சொன்னாலும் புதிதாகப் பழகுபவர் 40க்குக் கீழே இறக்கிப் போடுவது நல்லது. ஸ்டியரிங் நேராக இருக்க வேண்டும். அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். பின்சில்லு வெறுமனே சுழன்றுகொண்டிருக்கும்போது மட்டும் போடவே கூடாது: பின் ஷாப்ட் வேகமாகச் சுற்ற, முன் ஷாப்ட் நிற்க, இரண்டையும் மோதவிட்டால் பல் உடையும். சில்லு சுழல்கிறதென்றால் காலை எடுத்து, வாகனம் நின்ற பிறகு போடுங்கள்.

டயலைத் திருப்பியதும் லைட் சில வினாடி மின்னி, பிறகு நிலையாக எரியும். நிலையாக எரிந்தால்தான் சேர்ந்திருக்கிறது. மின்னிக்கொண்டே இருந்தால் நேராக ஓட்டியபடி அக்சிலரேட்டரை லேசாக அழுத்தி விடுங்கள். ஓரிரு முறையில் விழுந்துவிடும்.

பழைய ஹைலக்ஸ், நிசான் டி22 போன்றவற்றில் முன்சில்லின் நடுவே, சில்லை ஷாப்டோடு பூட்டக் கையால் திருப்பும் ஹப் இருக்கலாம். இறங்கிப் போய் இரண்டு பக்கமும் 'லொக்' என்பதற்குத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருப்பினால் முன்பக்கம் எதையும் இழுக்காது, உள்ளே லைட் எரிந்தாலும். ஹப் 'ப்ரீ'யில் கிடக்க 4எல் போட்டு இழுப்பது இதைவிட மோசம்: பெருக்கிய பலம் முழுவதும் பின் அச்சில் மட்டும் விழும். மறுபுறம், ஹப்பை 'லொக்'கில் வைத்துவிட்டு 2எச்சில் ஓடுவதால் தீங்கில்லை, டீசல் கொஞ்சம் கூடப் போகும், அவ்வளவுதான். ஆகவே கிறவல் பாதை தொடங்கும் இடத்திலேயே ஹப்பைப் பூட்டிவிடுங்கள். முழங்கால் சேற்றில் நின்று திருப்புவதைவிட அது சுகம்.

4எல் போடுவது

4எல் ஓட்டத்துக்கு அல்ல, பலத்துக்கு. பொதுவாக 2.5 மடங்குக்குச் சற்று மேல் கியர் குறைகிறது. அதே எஞ்சின் சுற்றில் வாகனம் அந்தளவு மெதுவாகவும், சில்லு அந்தளவு பலமாகவும் சுற்றும்.

1. வாகனத்தை முழுதாக நிறுத்துங்கள். சரிவு என்றால் பிரேக்கை விட வேண்டாம்.
2. மெனுவல் என்றால் கிளட்சை அடிவரை மிதியுங்கள். ஓட்டோ என்றால் நியூட்ரலில் (N) போடுங்கள்.
3. டயலை 4எல்லுக்குத் திருப்புங்கள். பல டயல்களை அழுத்திக்கொண்டுதான் திருப்ப முடியும். தவறிப் போகாதிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள்.
4. லைட் நிலைக்கும் வரை கிளட்சை விடாதீர்கள், கியரும் போடாதீர்கள். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும்.
5. 'கறகற' என்று அரைத்தால் பற்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. 2எச்சுக்குத் திருப்பி, வாகனத்தை ஓரடி நகர்த்தி மறுபடி முயலுங்கள்.

பழைய லீவர் வகையில் 4எச்சுக்கும் 4எல்லுக்கும் இடையே நியூட்ரல் இருக்கும். அங்கே லீவர் நின்றுவிட்டால் கியரில் போட்டிருந்தாலும் வாகனம் உருளும், ஓட்டோவில் பார்க்கில் இருந்தாலும் உருளும். சரிவில் கைப்பிரேக் இல்லாமல் இந்த லீவரைத் தொடக் கூடாது.

4எல்லில் முதலாம் கியர் ஏறக்குறைய நடை வேகம். தட்டையான இடத்தில் இரண்டாம் கியரிலேயே கிளப்பலாம். எஞ்சின் அலற 40, 50 என்று ஓட்ட முயல வேண்டாம். பாதை அவ்வளவு நல்லதென்றால் 4எச் போதும்.

மணல்

கற்பிட்டி மணலில் புதையும் கெப்களில் பலவற்றின் குறை போர்வீலில் இல்லை, டயரில்தான். 32 பி.எஸ்.ஐ. காற்றோடு இறங்கும் டயர் கத்திபோல மணலை வெட்டும். 18க்கு இறக்கினால் தரையைத் தொடும் பகுதி நீண்டு, மணலின் மேலே ஏறி ஓடும். அதனால் மணலில் முதல் வேலை காற்றை இறக்குவது, போர்வீல் இரண்டாவது. கனம் ஏற்றியிருந்தால் 20 வையுங்கள். அப்படியும் புதைந்தால் 15 வரை போகலாம். அதற்குக் கீழே இறக்கினால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுகொள்ளும் அபாயம் உண்டு. காற்று இறக்கிய டயரில் வேகமாக ஓடவும் கூடாது, சடாரென வெட்டித் திருப்பவும் கூடாது. ஒரு காற்றுமானி கட்டாயம் தேவை, கண்மட்டம் ஏமாற்றும். திரும்ப அடிக்க, பற்றரியில் நேரடியாகக் கவ்வும் 12 வோல்ட் கொம்ப்ரஸர் வாங்குங்கள். சிகரெட் லைட்டரில் செருகும் சின்னது கெப் டயருக்குத் திணறும்.

4எச்சில், இரண்டாம் கியரில், ஒரே சீரான ஓட்டத்தில் போக வேண்டும். நடுவில் கியர் மாற்றினால் அந்த ஒரு கணத்தில் மணல் வாகனத்தை நிறுத்திவிடும். நிற்க வேண்டுமானால் பிரேக் அடிக்காமல் தானாக உருண்டு நிற்க விடுங்கள். பிரேக் அடித்தால் சில்லின் முன்னே மணல் குவியும், கிளப்பும்போது அதன்மேல் ஏற வேண்டி வரும். முன்னே சரிவு இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவது புத்தி. சில்லு வெறுமனே சுழல்வதைத் தடுக்கும் ட்ராக்ஷன் கொன்ட்ரோல் எஞ்சின் பலத்தைக் குறைத்து விளையாடும். ஆழமான மணலில் அந்தப் பட்டனை அணைத்துவிடுங்கள். 4எல் போட்டால் பல மொடல்களில் அது தானாகவே அணைந்துவிடும்.

சில்லு சுழன்று வாகனம் நகரவில்லையா? அந்தக் கணமே காலை எடுங்கள். இன்னும் இரண்டு வினாடி மிதித்தால் அச்சு மணலில் உட்கார்ந்துவிடும், பிறகு மண்வெட்டி வேலை நாலு மடங்கு. வந்த தடத்திலேயே பின்னால் எடுத்துப் பாருங்கள். அந்தத் தடம் ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது. முடியாவிட்டால் நான்கு சில்லுக்கும் முன்னும் பின்னும் உள்ள மணலைச் சரிவாகத் தோண்டி எடுங்கள், காற்றை இன்னும் 3 பி.எஸ்.ஐ. இறக்குங்கள், தென்னோலையைச் சில்லுக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். ஓலை அந்தப் பக்கத்தில் எப்போதும் கிடைக்கும். செருகியவர் சில்லுக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது, மட்டை பறந்து வரும்.

வில்பத்துவின் மணல் பாதைக்கு ஒரு தனிக் குறிப்பு. பூங்காவுக்குள் வாகனத்தை விட்டு இறங்குவதற்கும் பாதையை விட்டு விலகுவதற்கும் தடை உண்டு. ஆகவே காற்று இறக்குவது, ஹப் பூட்டுவது எல்லாம் நுழைவாயிலிலேயே முடிய வேண்டும்.

சேறு, ஏற்றம், இறக்கம்

வெறும் கெப்பின் பின்பக்கம் காற்றுப்போல. பாரமெல்லாம் முன்னே எஞ்சினில், இழுப்பதோ பின்சில்லு. நனைந்த புல்தரையில்கூட 2எச்சில் நின்ற இடத்திலேயே சுழலும். தோட்டத்துப் பாதைக்குப் போவதென்றால் பின் அச்சுக்கு மேலாக நாலு மணல் மூட்டையைக் கட்டிவையுங்கள். மலிவு, பலன் உடனே தெரியும்.

மலைநாட்டுச் செம்மண் சேறு டயரின் வெட்டுகளை நிரப்பி வழுவழுப்பாக்கிவிடும். 4எச்சில் இரண்டாம் கியர், ஏற்றம் கடினமென்றால் 4எல்லில் இரண்டாம் கியர். வாகனம் வேகம் இழக்கும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக ஆட்டினால் டயரின் ஓரப் பற்கள் தடத்தின் சுவரைக் கவ்வும். கட்டைவிரலை ஸ்டியரிங்குக்கு உள்ளே கொடுத்துப் பிடிக்க வேண்டாம். சில்லு கல்லில் அடிபட்டுத் திருகினால் விரல் போகும்.

ஒரு முன்சில்லும் எதிர்மூலைப் பின்சில்லும் பள்ளத்தின் மேல் தொங்கினால் போர்வீல் இருந்தும் வாகனம் நகராது. பலம் எளிதாகச் சுற்றும் சில்லுக்கே ஓடும், அதுதான் டிபரன்ஷியலின் குணம். அங்கேதான், பின் டிபரன்ஷியலைப் பூட்டி இரு பின்சில்லையும் ஒன்றாகச் சுற்றவைக்கும் டிப் லொக் தேவை. நின்றோ, நடை வேகத்திலோ, ஸ்டியரிங் நேராக வைத்துப் போட்டு, அந்தப் பள்ளத்தைத் தாண்டியதும் எடுத்துவிடுங்கள். டிப் லொக் போட்டிருக்கும்போது வாகனம் திரும்ப மறுக்கும். சரிவு ஓரத்தில் அது ஆபத்து.

இறக்கம்தான் புதியவர்கள் பயப்பட வேண்டிய இடம், ஏற்றம் அல்ல. உச்சியிலேயே நிறுத்தி 4எல் போட்டு, முதலாம் கியரில், கிளட்சைத் தொடாமல் இறங்குங்கள். எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கை அழுத்திச் சில்லு பூட்டிக்கொண்டால் வாகனம் சறுக்குமரமாகிவிடும். பின்பக்கம் விலகத் தொடங்கினால் பிரேக் அல்ல, அக்சிலரேட்டரை ஒரு தொடுதல்; சில்லு மறுபடி உருண்டு திசை பிடிக்கும். ஓட்டோவில் மெனுவல் நிலைக்கு மாற்றி 1இல் பூட்டிவையுங்கள். ஏற்றத்தில் பாதியில் நின்றுபோனால் திருப்ப நினைக்காதீர்கள், குறுக்காக நின்ற கெப் புரளும். ரிவர்ஸ் போட்டு, வந்த கோட்டிலேயே நேராக இறங்குங்கள்.

வெள்ளம்

களனி கங்கை பெருகி வெல்லம்பிட்டிய, கொலன்னாவைப் பக்கம் தண்ணீர் ஏறும்போது கெப் வைத்திருப்பவருக்கு ஒரு வீரம் வருவது இயல்பு. போர்வீல் பிடிமானம் தரும், நீரை விலக்காது. ஹைலக்ஸுக்கு 70 செ.மீ., ரேஞ்சருக்கு 80 செ.மீ. என்று தயாரிப்பாளர் சொல்வது ஓடாத நீரில், நடை வேகத்தில் போனால். சாதாரண கெப் டயரின் நடுப்புள்ளி ஏறக்குறைய 38 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. புதியவர் அந்த மட்டத்தோடு நின்றுகொள்வது நல்லது. நீர் ஓடுகிறதென்றால் முழங்கால் அளவுகூட வேண்டாம், பின்பக்கம் மிதந்து விலகும். நகர வெள்ளத்தில் மூடி கழன்ற மேன்ஹோல் தெரியாது. முன்னே போகும் வாகனத்தின் தடத்தில்தான் போக வேண்டும்.

போவதென்றால் 4எல், இரண்டாம் கியர், முன்னே ஒரு சிறு அலை தள்ளிக்கொண்டு போகும் அளவு வேகம். நடுவில் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம். உள்ளே நீர் இழுக்கப்பட்டிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் அதன் தண்டு (கொன்ரொட்) வளையும். டீசல் எஞ்சினில் அது எஞ்சின் விலை. தள்ளியே வெளியே எடுங்கள்.

வெளியே வந்த பிறகும் ஒரு வேலை உண்டு. ஓடிச் சூடான டிபரன்ஷியல் தண்ணீரில் இறங்கியதும் சடுதியாகக் குளிர்ந்து, சீல் வழியாக நீரை உறிஞ்சும். சில நாட்களில் கராஜில் ப்ளக்கைத் திறந்து பாருங்கள். ஒயில் பால்தேநீர் நிறத்தில் வந்தால் உடனே மாற்ற வேண்டும். ட்ரான்ஸ்பர் கேஸையும் அப்படியே பாருங்கள்.

இழுத்து எடுப்பது

கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் இழுவைப் பட்டி, அதை மாட்டும் ஷெகல் வளையம் எல்லாம் கிடைக்கும். பட்டியின் தாங்குதிறன் வாகனத்தின் முழுப் பாரத்தைப் போல 2 முதல் 3 மடங்கு இருக்க வேண்டும். 3 தொன் கெப்புக்கு 8 தொன் பட்டி சரி. சங்கிலி வேண்டாம், அறுந்தால் ஆளைக் கொல்லும். ட்ரெயிலர் பூட்டும் உருண்டையில் பட்டியை மாட்டவே கூடாது, அது உடைந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. முன்பக்கம் கீழே தெரியும் மெல்லிய வளையங்கள் பல, கப்பலில் கட்டிவைப்பதற்கானவை; செஸியில் (அடிச்சட்டத்தில்) தடித்த போல்ட்டால் பூட்டிய கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். பட்டியின் நடுவே ஒரு ஈரச் சாக்கைப் போட்டு, மற்றவர்களைப் பட்டியின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிறுத்துங்கள். கற்பிட்டிப் பக்கம் உழவு இயந்திரக்காரர் வந்தால் அவர் அனுபவத்தை நம்பலாம், ஆனால் எந்தக் கொக்கி என்பதை நீங்களே காட்டுங்கள்.

சும்மா கிடந்தால் இறுகிவிடும்

மாதம் ஒருமுறை, கிறவலிலோ புல்வெளியிலோ, 4எச் போட்டுச் சில கி.மீ. ஓட்ட வேண்டும். டொயோட்டா கையேடு 16 கி.மீ. என்கிறது. முன் டிபரன்ஷியலின் உள்ளே ஒயில் சுற்றவும், டயலின் கட்டளையை நிறைவேற்றும் சிறு மோட்டர் இறுகாமல் இருக்கவும் இது தேவை. நான்கு டயரும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்கட்டும். முன்னே புதிது, பின்னே மொட்டை என்றால் நேராக ஓடும்போதே முறுக்கு ஏறும். டிப் ஒயிலும் ட்ரான்ஸ்பர் ஒயிலும் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை; சேறும் நீரும் அதிகமென்றால் அதற்கும் முன்னதாக. சர்வீஸில் ஷாப்ட் மூட்டுகளுக்குக் கிறீஸ் அடித்தார்களா என்று கேளுங்கள், பல இடங்களில் எஞ்சின் ஒயிலோடு விட்டுவிடுகிறார்கள்.

2020 மார்ச் முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் சந்தையில் இருக்கும் கெப்களில் நிறைய, கை மாறிய பழையவை. வாங்கப் போகும்போது ஒரு கிறவல் இடத்துக்கு ஓட்டச் சொல்லுங்கள். 4எச் போட்டு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் வெட்டி மெதுவாக நகர்த்துங்கள். முன்பக்கம் இழுப்பதும் திரும்பத் தயங்குவதும் கையில் தெரிய வேண்டும். பிறகு 4எல் போட்டு முதலாம் கியரில் விட்டால் வாகனம் ஊர்ந்து போக வேண்டும். லைட் மட்டும் எரிந்து இவை எதுவும் தெரியவில்லை என்றால், முன் ஹப்பையோ மோட்டரையோ பார்க்கும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.